அங்கே

லியபாயாவில் ஒரே ஒரு டிராம் பாதைதான்.
காற்றுக்குத்தான் ஆயிரம் பாதைகள்.
இரவு பத்துக்கு மருந்துக்கடைக் கதவைப் பூட்டிவிட்டு
ஒரு முகம் அளவு ஜன்னலைத் திறந்துவைப்பேன்.
இருமல், பல்வலி, குழந்தையின் காய்ச்சல்
எல்லாம் அங்கே குனிந்துதான் பேசும்.

நவம்பரில் வெல்கா குனிந்தாள்.
டிராம் ஓட்டுகிறவள். ஒலிப்பதிவு பழுதான நாட்களில்
மைக்கில் அவளே சொல்வாள்:
சர்க்கரை ஆலை. பழைய பாலம். கல்லறைத் தோட்டம்.
ஓர் எழுத்தும் விழுங்காத குரல்.
அந்தக் குரல் என்னிடம் "அங்கே" என்றது.
எங்கே?
"அங்கேதான்."

பின்னால் மூக்கடைப்போடு ஓர் ஆள்.
தெருவிளக்குவரை போய் நில்லுங்கள் என்றேன்.
முறைத்துக்கொண்டே போனார்.

அரிப்பா?
அரிப்பு, எட்டு மணி நேரம், நெளியவும் முடியாத இருக்கையில்.
எரிச்சல்? சிறுநீர் படும்போது.
திரிந்த பால்போல் வெள்ளையாக, கெட்டியாக?
ஆமாம்.
மீன் வாடை?
"இந்த ஊரில் எதற்குத்தான் இல்லை?"
பிறகு மெல்ல: இல்லை, அங்கே இல்லை.
காய்ச்சல், அடிவயிற்று வலி, கர்ப்பம்?
மூன்றும் இல்லை.
முன்பு ஒருமுறை வந்ததுண்டு, மருத்துவர் பார்த்துச் சொன்னது.
பல்லுக்கு ஆன்டிபயாடிக் முடித்து நான்கு நாள்.

பூஞ்சை என்றேன்.
உன்னிலேயே ஒண்டிக் குடியிருந்ததுதான்.
காவலுக்கு நின்ற நல்ல கிருமிகளை மருந்து விரட்டியதும்
வீட்டுக்காரன்போல் நடமாடுகிறது.
அழுக்கு இல்லை. யார்மேலும் பழி இல்லை.
இரவில் உள்ளே வைக்க ஒரு மாத்திரை, வெளியே பூசக் களிம்பு.
ஆணுறை ரப்பரை இது கெடுத்துவிடும் என்றதற்கு
அவள் சிரித்த சிரிப்பில்
ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்தது.

ஜனவரியில் மறுபடி. பனி. வரிசையில் ஆறு பேர்.
"அதே" என்றாள். அதே பெட்டியை நீட்டினேன்.
ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.
இதை எழுதுவதே அதற்காகத்தான்.

மார்ச்சில் குரல் தேய்ந்திருந்தது.
"அதே."
கை அலமாரிக்குப் போய்விட்டது. பாதியில் நிறுத்தினேன்.
வெள்ளை?
இல்லை. ஜனவரியிலும் இல்லை.
சிவந்து, காய்ந்து, சோப்பு பட்டால் தீ.
சோப்பா?
லாவெண்டர் சோப்பு, நாளைக்கு மூன்று தடவை.
வாசனை ஈரத்தாள். வாசனை நாப்கின்.
டிப்போவில் ஜிந்த்ரா சொன்ன வினிகர், ஒரே ஒரு தடவை.
தடயம் அழிக்கிறவள் மாதிரி
நவம்பரிலிருந்து
தன்னைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருக்கிறாள்.

எல்லா அரிப்பும் பூஞ்சை இல்லை, வெல்கா.
இன்றைக்கு உனக்கு விற்க என்னிடம் ஒன்றும் இல்லை.
வெதுவெதுப்பான வெறும் தண்ணீர், வெளியே மட்டும்.
உள்ளே அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.
வாசனை எல்லாம் குப்பைக்கு.
சீருடைக்குள் பருத்தி, தூங்கும்போது அதுவும் வேண்டாம்.
திங்கட்கிழமை மருத்துவரிடம் போ.
பார்க்கட்டும், பஞ்சால் தொட்டெடுத்துச் சோதிக்கட்டும்,
இரத்தத்தில் சர்க்கரையையும்.
ஊகத்தில் நான் ஒருமுறை விற்றாகிவிட்டது.

"இரண்டு மாதம் எரிந்திருக்கிறேன்" என்றாள்.
எனக்குப் பதில் இல்லை.
காற்று ஜன்னலை ஆட்டியது, பிடித்துக்கொண்டேன்.

"அவரிடம் என்ன சொல்ல? அங்கே என்றா?"
உன் பாதையில் அந்தப் பெயரில் ஒரு நிறுத்தம் உண்டா?

யோசித்தாள். பின்னால் அதே மூக்கடைப்பு ஆள்.
நிமிர்ந்து, மைக்கில் சொல்வதுபோல்,
ஓர் எழுத்தும் விழுங்காமல்:
யோனி. அதன் வெளி உதடுகள்.

அந்த ஆள் தானாகவே
தெருவிளக்குவரை நடந்தார்.

ஏப்ரலில் அவள் டிராமில் ஏறினேன்.
கண்ணாடியில் என்னைப் பார்த்தாளோ இல்லையோ,
பழைய பாலம் தாண்டியதும்
மணி இரண்டு முறை அடித்தது.
தண்டவாளத்தின் குறுக்கே யாரும் இல்லை.